கண்ணாடிக்குப் பின்னே ஒரு முகம்

தனித்திருக்கும் மனிதனின் முகத்தை அவன் மனைவி மக்களும் முழுதும் கண்டிலர். பிறர் கண் தன்மேல் படுகின்றது என்று அறிந்த மாத்திரத்தில் அம்முகம் மறைந்துவிடும். மோட்டார் ஓட்டுபவனோ, நாற்புறமும் கண்ணாடியிருந்தும், தன்னை ஒருவரும் பாரார் என்றே எண்ணியிருக்கிறான். ஆதலின் அவனறியாமல் அவனைப் படம் பிடிப்பதில் மேனாட்டார் சிலர் ஊக்கங்கொண்டனர்.

ஆண்ட்ரூ புஷ் என்னும் அமெரிக்கர் 1989 முதல் 1997 வரை, லாஸ் ஏஞ்சலஸ் முதலிய இடங்களில், தமது காரிலேயே படக்கருவியைப் பொருத்திக்கொண்டு, பக்கத்து வண்டிக்குச் சரியாக ஓடியவாறே அதன் ஓட்டுநரைப் படம் பிடித்தார். படங்களில் பெயரில்லை, எத்திசை நோக்கி, எவ்வேகத்தில், எச்சாலையில் சென்றவர் என்பதே தலைப்பு. அவருக்கு முன்னரே வாக்கர் எவன்ஸ் என்பார், 1938-க்கும் 1941-க்கும் இடையில், நியூயார்க் சுரங்க ரயிலில் மேற்சட்டைக்குள் கருவியை மறைத்து வைத்து, எதிரே அமர்ந்தோரைப் படமெடுத்தார். அவை நூலாக வெளிவந்தது 1966-இல்தான்.

இவற்றைக் கண்டு நாமும் ஆசைகொண்டோம். ஒருநாள் மாலை பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு நண்பர் ஒருவரது காரில் சென்றோம். கூட்டரசு நெடுஞ்சாலையில், கோத்தா டாருல் ஏசான் வளைவைத் தாண்டியதும், வண்டிகள் எறும்பாய் ஊர்ந்து பின் நின்றுவிட்டன. நமக்கு இடப்புறம் பழைய புரோட்டான் சாகா ஒன்று. ஓட்டுபவர் நம்மவர், அறுபது வயதிருக்கும், காவற்காரர் சட்டை அணிந்திருந்தார். அவர் உதடுகள் அசைந்தவண்ணமிருந்தன. பாட்டன்று. யாரிடமோ சொல்ல வேண்டிய ஒன்றைத் தமக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் தலையை ஆட்டி, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். கைத்தொலைபேசியை எடுத்தோம், படமும் நன்கு அமைந்தது.

அவர் பார்த்துவிட்டார். உடனே கழுத்துப் பொத்தானை மாட்டி, நிமிர்ந்து, லைசென்சுப் படத்துக்கு வைக்கும் முகத்தை வைத்துக்கொண்டார். பின்பு கண்ணாடியை இறக்கி, “என்ன தம்பி, சம்மனா?” என்றார்.

அக்கேள்வி நம்மைச் சுட்டது. 2012 முதல் இந்நாட்டுச் சாலைகளில் தானியங்கிக் கருவிகள் வண்டிகளைப் படமெடுக்க, சம்மன் வீடு தேடி வருகின்றது. உழைப்பாளியின் பக்கம் கேமரா திரும்பினால் அது தண்டனைக்கே என்பது அவர் கண்ட உலகம். முன்னாளிலோ நிலைமை இதனினும் இழிவு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் விற்ற அஞ்சலட்டைகளில் நம் பாட்டன்மார் நிற்கின்றனர். கீழே அச்சிட்டிருப்பது ‘தமிழ்க் கூலி’ என்பதே. அவர்களுக்கும் பெயர் இருந்ததன்றோ?

நாமும் கண்ணாடியை இறக்கி, சம்மன் அன்று என்றும், அவர் முகம் பிடித்துப்போனதால் எடுத்தோம் என்றும் சொல்லிப் படத்தைக் காட்டினோம். சற்று நேரம் உற்றுப் பார்த்தார். “அழிச்சிடுங்க தம்பி. மகள் படிப்புக்கு முதலாளிகிட்ட முன்பணம் கேட்கப் போறேன். கெஞ்சுற மூஞ்சி இது” என்றார். அவர் கண்ணெதிரிலேயே அழித்தோம். வண்டிகள் நகர்ந்தன.

நிற்க. நம் தந்தையாரும் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். வீட்டில் அவர் படம் ஒன்றே உண்டு. அது லைசென்சில் ஒட்டியிருந்தது. அதில் இருப்பவரை நாம் அறியோம். விடியுமுன் வண்டியோட்டிச் சென்ற அம்முகத்தை எவரேனும் களவாகவேனும் பிடித்து வைத்திருந்தால், அவருக்கு என்றும் கடமைப்பட்டிருப்போம். அம்முதியவரின் மகளும் ஒருநாள் இவ்வாறு ஏங்கக்கூடும். அன்று அப்படம் இராது. இவ்விழப்பை நாம் மறைக்க விரும்பவில்லை.

ஆயினும் அழித்ததே முறை என்று கொள்கின்றோம். அஞ்சலட்டையில் நின்ற பாட்டனை, ‘இப்படி விற்கலாமா?’ என்று கேட்டவர் யார்? இவரோ ‘வேண்டாம்’ என்றார், அச்சொல் செல்லுபடியாயிற்று. சுயமரியாதை என்பது மேடையில் மட்டும் முழங்கும் சொல்லன்று.

இளைஞர்களே, நம் மக்களின் முகங்களைத் தாராளமாகப் படம் பிடியுங்கள். அவை பதிவாக வேண்டியவை. ஆனால், எடுத்ததை அவர்களிடம் காட்டுங்கள்; வேண்டாமென்றால் அழித்துவிடுங்கள். அதற்கு முன், உங்கள் தந்தையார் வண்டியோட்டும் நாளில் பக்கத்தில் அமர்ந்து, அவர் அனுமதியோடு ஒரு படம் எடுத்து வையுங்கள்.