வாப்பும்மா தட்டிய தட்டு

அடைமழைக் காலத்தில் தெருவெல்லாம் தண்ணீர் நின்று பள்ளிக்குப் போக முடியாத ராத்திரிகளில், வாப்பா நடுக்கூடத்தில் பாய் விரித்து இஷா தொழவைப்பார்கள். ஈரத்தரை வாடையும் சாம்பிராணிப் புகையும் அடுக்களையில் மூடிவைத்த மாசிச் சம்பலின் மணமும் கலந்து கிடக்க, ஓட்டில் விழும் மழைக்கு மேலே வாப்பாவின் ஓதல் ஏறிவரும். நான் அவர்களுக்கு வலப்பக்கம் சற்றுப் பின்தள்ளி நிற்பேன். எனக்குப் பின்னால் உம்மாவும், வெள்ளைத் துப்பட்டிக்குள் முகம் மட்டும் தெரிய வாப்பும்மாவும்.

அப்படியொரு ராத்திரி மூன்றாவது ரக்அத்திலேயே வாப்பா அத்தஹிய்யாத்துக்கு உட்கார்ந்துவிட்டார்கள். பின்னாலிருந்து 'டப்'பென்று ஒரு சத்தம். வாப்பா எழுந்து நாலாவதையும் தொழுது, சலாம் கொடுக்குமுன் கூடுதலாக இரண்டு சுஜூது செய்தார்கள். எனக்கு மனசெல்லாம் அந்தச் சத்தத்தில்தான் இருந்தது. தொழுகையில் நான் காலை மாற்றி நின்றாலே பிறகு கண்டிக்கிற வாப்பும்மா, கை தட்டுவதா!

"ஆம்பளை சுப்ஹானல்லாஹ் சொல்லணும், பொம்பளைக்கு இது," என்று வலக்கையால் இடது புறங்கையில் தட்டிக் காட்டினார்கள். பெரியவர்களைத் திருத்தலாமா என்று கேட்டதற்கு துல்யதைன் என்ற நபித்தோழரின் கதை வந்தது. நபிகள் நாயகம் நாலு ரக்அத் தொழுகையில் இரண்டிலேயே சலாம் கொடுத்துவிட்டார்கள்; அபூபக்கரும் உமரும் இருந்த சபையில் வாய்திறக்க எல்லோருக்கும் தயக்கம். கை நீளமான அந்த மனிதர்தான், தொழுகை சுருக்கப்பட்டதா, தாங்கள் மறந்தீர்களா என்று கேட்டார். நாயகம் மற்றவர்களிடம் விசாரித்து, விட்டதைத் தொழுது, இரண்டு சுஜூதும் செய்தார்கள். "நபியே மறந்திருக்காஹ, நமக்குக் கத்துத்தரத்தான்," என்றார்கள் வாப்பும்மா. யாரோ ஒருவர் எழுந்து கேட்டதால் எத்தனை கோடிப் பேருக்கு நிம்மதி என்று இன்றும் அந்த மனிதர்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

காயல்பட்டினம், கீழக்கரை போல எங்கள் ஊரும் மார்க்கச் சட்டத்தில் ஷாபி மத்ஹபு. சுபுஹில் குனூத் துஆ விடுபட்டாலும் மறதிக்கான இந்த சஹ்வு சுஜூது உண்டு, அதுவும் சலாமுக்கு முன்பே. ஹனபியான மாமி வீட்டில் வலப்பக்கம் ஒரு சலாம் கொடுத்துவிட்டுச் செய்வார்கள்.

பிந்தி வாப்பும்மாவுக்கே மறதி வந்தது. கண்ணாடி, பெட்டகச் சாவி, பேரப்பிள்ளைகளின் பெயர் என்று ஒவ்வொன்றாகத் தப்பிப்போக, தொழுகையில் மூணா நாலா என்ற சந்தேகமும் சேர்ந்துகொண்டது. குறைந்ததை எடுத்துக்கொள்ளணும் என்ற சட்டம் மட்டும் அவர்களைவிட்டுப் போகவில்லை. மூணென்று வைத்து இன்னொன்று தொழுது, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து அந்த இரண்டு சுஜூதையும் செய்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிச் சொல்லட்டுமா என்று ராத்தா கேட்டாள். வேண்டாமென்று விட்டார்கள்.

"அப்போ அஞ்சு ஆயிட்டா?" என்றேன்.

"அஞ்சாயிருந்தா இந்த ரெண்டு சுஜூதும் அதை ஜோடியாக்கிடும், தங்கம். நாலாவே இருந்திருந்தா சைத்தானுக்கு மூக்கு மண்ணுல!" என்று அத்தனை சந்தோஷமாகச் சொன்னார்கள்.