எந்தக் கீபோர்டு வாங்கலாம்?

"சார், மகனுக்கு எந்தக் கீபோர்டு வாங்கலாம்?" பள்ளி விடுமுறை நெருங்கும்போது பெற்றோர் சிலர் என்னிடம் இப்படிக் கேட்பதுண்டு. வார நாளில் வாத்தியார், சனிக்கிழமை இரவில் கல்யாண மேடையில் கீபோர்டுக்காரன் என்று பல ஆண்டுகள் ஓட்டியவன் நான். என் கைக்கு வந்துபோன மூன்று கருவிகளைப் பற்றிச் சொல்கிறேன். பதில் அதற்குள் இருக்கிறது.

முதலாவது ஒரு குட்டிக் கசியோ. 1992இல் 'ரோஜா' படம் வந்து, எங்கள் தோட்டத்துப் பையன்களுக்கெல்லாம் கீபோர்டு ஆசை பிடித்திருந்த காலம். அப்பா கூடுதல் வேலை பார்த்த காசில் வாங்கித் தந்தார். 32 சின்னக் கட்டைகள், 100 ஓசைகள். மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம்தான். இரண்டே வாரத்தில் 100 ஓசையும் சலித்துவிட்டன. ஆனால், வானொலியில் கேட்ட பாட்டின் சுரத்தைத் தேடிப் பிடிக்கக் காது பழகியது அதில்தான். அதற்கு ஒரே ஓசை போதுமானதாக இருந்தது.

இரண்டாவது யமஹா டிஎக்ஸ்7. 1983இல் வெளிவந்த கருவி; நான் பழையதாக வாங்கினேன். ஓர் அலையை இன்னோர் அலையால் அசைத்துப் புதிய ஒலி உண்டாக்கும் முறையை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் என்பவர் 1967இல் கண்டறிந்தார். அதை வைத்துச் செய்தது இது. மணியோசையும் மின்பியானோவும் அதில் கேட்க வேண்டும்! வயலின் மட்டும் என் காதுக்கு ஒட்டவில்லை. விரலின் வேகத்துக்கேற்ப ஓசை கூடிக் குறைந்தது. இடப்பக்கச் சக்கரத்தை உருட்டினால் சுரம் வளைந்தது. கமகம் வராது என்ற குறை சொல்லி, அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை ஒதுக்கியே வைத்திருந்தது. அந்தக் குறையில் ஓரளவையாவது இந்தச் சக்கரம் தீர்த்து வைத்தது. இடக்கை அதற்குப் பழக எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

மூன்றாவது கொர்க் எம்1, 1988இல் வந்த வகை. உண்மையான வாத்தியங்களிலிருந்து பதிவு செய்த ஒலிகள் அதில் இருந்தன. தாளம் உட்பட எட்டுத் தடங்களில் பதிந்து வைத்தால் அதுவே வாசிக்கும். "இனி தபேலாவுக்கு ஆள் எதற்கு? கூலி மிச்சம்" என்றார் குழுத் தலைவர். தபேலா வாசித்த அண்ணன் காலையில் பால்மரம் வெட்டப் போகிறவர். மேடைக் கூலியில்தான் அவர் பிள்ளைகளின் பள்ளிச் செலவு. "அண்ணன் இல்லாத மேடையில் நானும் இல்லை" என்று சொல்லிவிட்டேன். பணத்துக்காக மட்டும் அப்படிச் சொல்லவில்லை. பாடகர் ஒரு வரியை நீட்டினால் அண்ணன் காத்திருப்பார், இயந்திரம் காத்திருக்காது.

தங்கை திருமணத்துக்கு எம்1ஐ விற்றேன். அதில் வருத்தமில்லை. கருவி போனாலும் காது போகவில்லை.

ஆகவே பெற்றோர்களே, 600 ஓசை என்று விளம்பரத்தில் கண்டு மயங்காதீர்கள். முழு அளவில் 61 கட்டைகள், விரலின் வேகத்தை உணரும் வசதி, சுரம் வளைக்கும் சக்கரம் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். பழையதானாலும் பரவாயில்லை, எல்லாக் கட்டைகளையும் அழுத்திப் பார்த்தே வாங்குங்கள். தானாக ஒலிக்கும் தாளத்தை முதல் வருடம் பிள்ளை தொடவே வேண்டாம். பக்கத்து வீட்டில் தபேலாவோ மிருதங்கமோ கற்கும் பையன் இருந்தால், இருவரையும் சேர்த்து உட்கார வையுங்கள்.