திருத்தப்பட்ட குதிரைகள்

ஒரு காரை இருவர் சேர்ந்து வாங்குவது உசிதமான காரியமன்று. ஆயினும் 2006-ஆம் ஆண்டில், டென்வர் நகருக்குக் கிழக்கே அரோராவில் ஒரே குடியிருப்பில் தங்கியிருந்த நாங்கள் இருவரும் ஆளுக்குப் பாதிப் பணம் போட்டு, 2002-ஆம் ஆண்டு மாதிரியான சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினோம். இங்கே ‘நாங்கள்’ என்று வருவது பணிவினாலோ பகட்டினாலோ அல்ல. சொல்லவிருக்கும் பிழையில் இருவருக்கும் சமபங்கு உண்டு என்பதனால்தான்.

இரண்டு லிட்டர் எஞ்சின், நான்கு சிலிண்டர்கள், ஒரு டர்போ. உற்பத்தியாளர் கூறிய திறன் 227 குதிரைத்திறன். அதை ஆசை தீரக் கூட்ட வேண்டுமென்று இரண்டாண்டுகள் சேமித்தோம். புகைபோக்கிக் குழாயை மாற்றி, எஞ்சினை ஆளும் கணினியின் நிரலைத் திருத்தி எழுதித் தரும் பட்டறை ஒன்று நகரின் புறத்தே இருந்தது. அங்கேதான் டைனோ என்று சுருக்கமாக அழைக்கப்படும் டைனமோமீட்டரை முதன்முதலில் கண்டோம்.

தரையில் பதித்த கனத்த எஃகு உருளைகளின் மேல் நான்கு சக்கரங்களையும் ஏற்றி, வண்டி பாய்ந்துவிடாதபடி பட்டைகளால் இழுத்துக் கட்டுவார்கள். முன்னால் ஆள் உயர விசிறி. உருளையின் கனம் தெரியும். அது எத்தனை விரைவில் வேகம் பிடிக்கிறது என்பதிலிருந்து சக்கரம் தந்த முறுக்குவிசையைக் கணக்கிடலாம். அதைச் சுழல்வேகத்தால் பெருக்கினால் திறன். அந்த இயந்திரம் அறிந்தது இவ்வளவுதான். எஞ்சினிலிருந்து சக்கரம் வரையிலான பற்சக்கரங்களும் தண்டுகளும் தின்றது போக மிச்சத்தைத்தான் அது காண்கிறது. ஆகவே உற்பத்தியாளரின் 227-ஐ அதனிடம் எதிர்பார்ப்பது தவறு. கொதிக்கும் இரும்பின் வாடையும் காதைப் பிளக்கும் ஓலமுமாகப் பத்துப் பதினைந்து விநாடிகள். பிறகு திரையில் ஒரு கோடு மேலேறி வளைந்து நின்றது.

அந்த ஒற்றை ஓட்டத்துக்கு இயக்குநர் எங்களிடம் மூன்று விடைகளைக் காட்டினார். திருத்தப்படாத அளவு 190. எஸ்ஏஇ திருத்தம் இட்டால் 237. பழைய எஸ்டிடி திருத்தம் இட்டால் 246. திரையின் ஓரத்தில் ஒரு சொல்லை அழுத்தினால் போதும், குதிரைகள் கூடிக்கொண்டே போயின. எது வேண்டும், எதை அச்சிடட்டும் என்று அவர் கேட்டது உணவகத்தில் காரம் எவ்வளவு என்று கேட்பதைப் போலிருந்தது.

இது மோசடியன்று. டென்வர் கடல்மட்டத்துக்கு 1,609 மீட்டர் மேலே உள்ள ஊர். அங்கே காற்று மெலிந்தது என்பதைக் குடியேறிய முதல் மாதத்திலேயே வேகாத துவரம்பருப்பு எங்களுக்குக் கற்பித்திருந்தது. கடல்மட்டத்தில் ஏறத்தாழ 1,013 மில்லிபாராக இருக்கும் காற்றழுத்தம் அவ்வுயரத்தில் 834 அளவுக்கு இறங்கிவிடும். எஞ்சின் உண்பது பெட்ரோல் மட்டுமன்று, காற்றும்தான். காற்று குறைந்தால் திறன் குறையும். ஆகவே வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு பருவங்களில் எடுத்த அளவுகளை ஒப்பிட ஒரு பொது நிலை வேண்டியிருந்தது. எஸ்ஏஇ-யின் ஜே1349 என்னும் தரவிதி உலர்காற்றின் அழுத்தம் 990 மில்லிபார், வெப்பம் 25 பாகை என்று அதை வகுக்கிறது. எஸ்டிடி என்பது இன்னும் குளிர்ந்த, இன்னும் அடர்ந்த காற்றைக் கற்பித்துக்கொள்ளும் பழைய விதி. ஆதலால் எப்போதும் சுமார் 4 விழுக்காடு தாராளம். அன்றைய 30 பாகை வெயிலில் எங்களுக்கு வாய்த்த எஸ்ஏஇ காரணி 1.248. 190-ஐ அதனால் பெருக்கினால் 237.

246-ஐ வேண்டாமென்று தள்ளி 237-ஐ எடுத்துக்கொண்டதனால் எங்களை நாங்களே யோக்கியர்கள் என்று எண்ணிக்கொண்டோம். 190 என்ற தாளையும் கேட்டு வாங்கி, மேசையின் இழுப்பறைக்குள் வைத்தோம்.

குதிரைகளைக் காகிதத்தில் பெருக்குவது எங்களோடு தொடங்கியதல்ல. அமெரிக்க நிறுவனங்கள் 1972 மாதிரி ஆண்டு முதல், துணைக்கருவிகள் நீக்கிய வெற்று எஞ்சினை அளப்பதை விட்டு, வண்டியில் இருக்கும் நிலையில் அளந்து அறிவிக்கும் முறைக்கு மாறியபோது, கேடிலாக் எல்டொராடோவின் 365 குதிரைத்திறன் 235 ஆயிற்று. 1999-இல் ஃபோர்டு மஸ்டாங் கோப்ராவுக்குக் கூறப்பட்ட 320 மெய்யாகவே இல்லை என்பதை உரிமையாளர்கள் டைனோவில் ஏற்றிக் கண்டுகொள்ள, நிறுவனம் விற்பனையை நிறுத்தி வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய நேர்ந்தது. சாமானியன் கையில் கிடைத்த துலாக்கோல் என்று டைனோவை நாங்கள் கொண்டாடியதற்கு இந்தக் கதையும் ஒரு காரணம். துலாக்கோலைப் பிடிக்கும் கை எங்களுடையதாகும்போது என்ன நேரும் என்று யோசிக்கவில்லை.

2008-இல் எங்களில் ஒருவருக்கு வேறு நகரில் வேலை கிடைத்தது. வண்டியை விற்க விளம்பரம் கொடுத்தோம். அதில் ‘சக்கரத்தில் 237 குதிரைத்திறன், சான்று உண்டு’ என்று எழுதினோம். ஹூஸ்டனில் படித்துக்கொண்டிருந்த தமிழ் மாணவர் ஒருவர் பேருந்தில் வந்து, தாளை இரண்டு முறை படித்துவிட்டு, பேரம் கூடப் பேசாமல் பணத்தைக் கொடுத்து, ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டிச் சென்றார். தாளில் ‘எஸ்ஏஇ’ என்ற மூன்றெழுத்து அச்சாகியிருந்தது. அதைப் பற்றி அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

ஆறு வாரம் கழித்து அவரிடமிருந்து அழைப்பு வந்தது. ஹூஸ்டனில் ஒரு பட்டறையில் அளந்திருக்கிறார். திருத்தாமல் 206, அவ்வூரின் புழுக்கத்துக்கும் வெப்பத்துக்குமான சிறு திருத்தத்துடன் 211. “அண்ணா, 26 குதிரை காணோம். எஞ்சின் தேஞ்சு போயிருக்கும், பிரிச்சுப் பார்க்கணும்னு சொல்றாங்க. மூவாயிரம் டாலர் ஆகுமாம். கிரெடிட் கார்டுல போட்டுடலாம்னு இருக்கேன். நீங்க ஓட்டறப்ப ஏதாவது சத்தம் வந்துச்சா?”

அன்றிரவு நாங்கள் இருவரும் காகிதத்தோடு உட்கார்ந்தோம், முன்பே உட்கார்ந்திருக்க வேண்டியவர்கள். எஸ்ஏஇ காரணி, சூழ்ந்துள்ள காற்றை அப்படியே உறிஞ்சும் எஞ்சினுக்குப் பொருந்துவது. எங்களுடையதோ டர்போ எஞ்சின். வெளிக்காற்றின் மேல் ஒரு பார் அழுத்தத்தைத் தானே திணித்துக்கொள்வது. கடல்மட்டத்தில் எஞ்சினுக்குள் செல்வது 2,013 மில்லிபார் என்றால் டென்வரில் 1,834. இழப்பு 9 விழுக்காடுதான். காரணியோ எங்கள் எஞ்சின் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிட்டதாகக் கொண்டு, இழக்காததையும் சேர்த்து ஈடு செய்திருந்தது. மேலும், சில விழுக்காட்டுக்கு மேற்பட்ட திருத்தத்தை அந்தத் தரவிதியே நம்பத்தக்கதாகக் கொள்வதில்லை. நாங்கள் கூட்டியிருந்தது 25. 190-ஐ 2,013-ஆல் பெருக்கி 1,834-ஆல் வகுத்தோம். ஏறத்தாழ 209 வந்தது. ஹூஸ்டன் இயந்திரம் 206 என்றிருந்தது. இயந்திரத்துக்கு இயந்திரம் இதைவிட அதிகமாகவே வேறுபடும். காணாமற்போன குதிரைகள் எங்கும் போகவில்லை. அவை பிறக்கவே இல்லை.

இது அச்சிட்ட அன்றே எங்களுக்குத் தெரியுமா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். கணக்கு தெரியாது. ஆனால் 190 என்ற தாளை விளம்பரத்தில் காட்டாமல் இழுப்பறையில் வைத்தது ஏன் என்பதற்கு இருவரிடமும் பதிலில்லை.

காலையில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னோம். எஞ்சினைப் பிரிக்க வேண்டாம், வண்டி எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது, தவறு தாளில் என்றோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. “அப்ப வண்டி நல்லாத்தான் இருக்கா?” என்று கேட்டார். ஆமாம் என்றோம். “அந்த இன்னொரு தாளை அன்னைக்கே காமிச்சிருந்தா, இதே விலைக்கே வாங்கியிருப்பேன் அண்ணா.” அது உண்மையா, எங்களைத் தேற்றுவதற்காகச் சொன்னதா என்று இன்றும் விளங்கவில்லை. விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறோம் என்றோம். ஹூஸ்டனில் அளந்த செலவை மட்டும் கேட்டார். 120 டாலருக்கான காசோலையுடன் 190 என்ற தாளையும் உறையில் வைத்து, அன்று மாலையே தபாலில் சேர்த்தோம்.