கல்யாணம் முடிஞ்சது, சாயங்காலம் வரைக்கும் எங்க போறது?

ஆவணியில மூத்த மகள் கல்யாணம். அந்த அலைச்சல்ல ரொம்ப நாளா எழுத முடியலை.

மாப்பிள்ளை வீடு சென்னை. ஒரு வேன் நிறைய கம்பத்துக்கு வந்து இறங்கினாங்க. காலையிலேயே முகூர்த்தம். பந்தியும் பத்து மணிக்குள்ள முடிஞ்சது. வேன் கிளம்புறது சாயங்காலம். "அதுவரைக்கும் இங்க பாக்க என்னங்க இருக்கு?"ன்னு சம்பந்தியம்மா கேட்டாங்க. நிச்சயதார்த்தத்தப்பவே "ஒரே வயக்காடா இருக்கே"ன்னு சொன்னவங்க. எனக்குச் சுருக்குன்னுச்சு.

சுருளி அருவிக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு இருந்தேன். மலையில நல்ல மழை, குளிக்கத் தடை. அதனால லோயர் கேம்ப்ல இருக்கிற பென்னிகுயிக் மணிமண்டபத்துக்குப் போனோம். 1895ல அவர் கட்டி முடிச்ச முல்லைப்பெரியாறு அணைத் தண்ணியிலதான் எங்க பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோகம் விளையுதுன்னு சொன்னேன். "உங்க வீட்டுல சாமி படத்துக்குப் பக்கத்துல இருந்தது இவர்தானா மாமா?"ன்னு மாப்பிள்ளையோட தம்பி கேட்டார்.

திரும்புற வழியில பிள்ளைங்க ஆத்தைப் பார்த்துட்டுக் குளிக்கணும்னு அடம். நான் விடலை. மேல அமைதியாத்தான் ஓடும், அடியில இழுப்பு அதிகம். அதுக்குப் பதிலா வரப்புல செருப்பில்லாம நடக்க விட்டேன். ரெண்டு பேர் சேத்துல விழுந்து எந்திரிச்சாங்க, ஒரே சிரிப்பு.

கடைசியா நம்ம தோட்டம். ஒரு ஏக்கர் பன்னீர் திராட்சை. மருந்தடிச்சு ரொம்ப நாளான வரிசையை மட்டும் காட்டி, கையில கத்தரிக்கோலைக் கொடுத்தேன். கழுவாம வாயில வைக்கக் கூடாதுன்னும் சொல்லி வச்சேன்.

என் மகள் பட்டுச்சேலையை இழுத்துச் சொருகிட்டு, பந்தலுக்கடியில குனிஞ்சு குனிஞ்சு கொத்து வெட்டிக்கிட்டு இருந்தா. அதையே பார்த்துக்கிட்டிருந்த சம்பந்தியம்மா மெதுவாச் சொன்னாங்க: "எங்க வீட்டு பால்கனியில நாலு தொட்டிதாங்க வைக்கலாம். இவ அங்க வந்து எப்படி இருப்பா?"

நிச்சயதார்த்தத்துல இருந்து அவங்களுக்கு ஒரு பதில் வச்சிருந்தேன். அது மறந்தே போச்சு. துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டேன்.

வேன் கிளம்பும்போது ரெண்டு பெட்டி பழமும், வேர் விட்ட திராட்சைக் குச்சி ஒண்ணும் கொடுத்தனுப்பினேன். போன வாரம் போன்ல ஒரு படம் வந்துச்சு. தொட்டியில ரெண்டு இலை விட்டிருக்கு. அனுப்பினது மகள் இல்லை, சம்பந்தியம்மா.

கிராமத்துக் கல்யாணத்துக்குப் போனீங்கன்னா, அருவி எங்க இருக்குன்னு அப்புறம் கேளுங்க. பொண்ணு வீட்டுத் தோட்டம் எங்கன்னு முதல்ல கேளுங்க.