செங்கல் சந்தில் ஒரு வளைய ரொட்டி

இலண்டன் மாநகர் சென்று திரும்புவோர் கோபுரப் பாலத்தையும் அரச மாளிகையையும் பற்றி எழுதுவது வழக்கம். அவற்றை நீங்கள் படங்களிலேயே பார்த்துக்கொள்ளலாம். நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்புவது ஒரு குறுகலான தெருவுக்கு. பிரிக் லேன் என்பது அதன் பெயர். முற்காலத்தில் அங்கே செங்கல் சூளைகள் இருந்தமையால் ஏற்பட்ட பெயர். செங்கல் சந்து என்று நாம் தமிழில் சொல்லலாம்.

2023ஆம் ஆண்டு ஷஅபான் மாதத்தில், கிழக்கு இலண்டனின் ஈஸ்ட் ஹாம் பகுதியில் வாழும் என் மூத்த சகோதரியின் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். அவளுடைய கணவர் ஒரு நாள் என்னை அத்தெருவுக்கு அழைத்துச் சென்றார். அங்குள்ள ஜாமிஆ மஸ்ஜிதில் லுஹர் தொழுதோம். அந்தக் கட்டடத்தின் வரலாறு வியப்புக்குரியது. பிரான்சு நாட்டின் அடக்குமுறைக்கு அஞ்சி ஓடிவந்த ஹியூகனாட் என்னும் கிறிஸ்தவர்கள் 1743இல் அதைத் தேவாலயமாக எழுப்பினர். 1819இல் மெத்தடிஸ்ட் பிரிவினரின் வழிபாட்டிடமாயிற்று. 1898இல் யூதர்களின் தொழுகைக்கூடமாயிற்று. 1976இல் வங்காள முஸ்லிம்களின் பள்ளிவாசலாக மாறியது. வெளிச்சுவரில் உயரே ஒரு நிழற்கடிகாரம். 1743 என்ற ஆண்டும், மனிதரை நிழலுக்கு ஒப்பிடும் இரண்டு இலத்தீன் சொற்களும் அதில் உள்ளன. அடுத்தடுத்து வந்த எவரும் அதைப் பெயர்த்தெறியவில்லை.

தொழுதுவிட்டு வடக்கு நோக்கி நடந்தோம். தெருப் பெயர்ப் பலகைகளில் ஆங்கிலத்தோடு வங்க எழுத்தும் இருந்தது. சில்ஹெட் மாவட்டத்து மக்களின் உணவகங்களைக் கடந்து சென்றால், குளிரில் நீண்ட வரிசை நிற்கும் ஒரு சிறு கடை. உள்ளேயிருந்து ஆவியும் புது ரொட்டியின் மணமும் வந்தன. நடுவில் துளையிட்ட, மினுமினுப்பான வளைய ரொட்டியே அங்கு விற்பனை. உலகம் அதனைப் பேகல் என்கிறது. அந்தத் தெருவின் பழைய வாசிகளோ பைகல் என்றே உச்சரிப்பார்களாம்.

இது கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் ரொட்டி. போலந்தின் கிராக்கோவ் நகர யூத சமூகத்தின் 1610ஆம் ஆண்டு விதிகளிலேயே இதன் பெயர் வருகிறது. பிரசவித்த பெண்ணுக்கு அன்பளிப்பாக வழங்கும் பண்டங்களில் ஒன்றாக அது குறிக்கப்பட்டிருக்கிறது. 1881இல் ரஷ்ய மன்னன் கொலையுண்ட பின் யூதர்கள் மீது தாக்குதல்கள் மூண்டன. தப்பிய பல்லாயிரவர் இலண்டனின் இந்தக் கிழக்குப் பகுதியில் குடியேறியபோது ரொட்டியும் உடன் வந்தது. அவர்கள் செல்வம் சேர்த்து வேறிடம் சென்றபின், அதே வீடுகளில் வங்காள முஸ்லிம்கள் குடிபுகுந்தனர். அவர்களுக்கும் அடி விழாமல் இல்லை. 1978 மே 4ஆம் நாள் ஆல்தாப் அலி என்ற இளம் தையல் தொழிலாளி இனவெறியர்களால் அருகிலேயே கொல்லப்பட்டார். அங்குள்ள பூங்கா இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வாசகர்களே, இந்த ரொட்டி விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கடன் உண்டு. அந்தப் பயணத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் என் சகோதரி மகள் தொலைபேசியில் கேட்டாள்: “மாமா, மகனோடு படிக்கிற யூதப் பையன் பேகல் கொடுத்தானாம். சாப்பிடலாமா?” பேகல் என்றால் என்ன என்பதே அன்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் நா எழவில்லை. “அவர்கள் பண்டம் நமக்கெதற்கு, வேண்டாம்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். ஏழு வயதுச் சிறுவன் அதை அப்படியே நண்பனிடம் ஒப்பித்துவிட்டான். அதன்பின் அந்தப் பையன் எதையும் நீட்டவில்லையாம். வேதம் அருளப்பெற்றோரின் உணவு நமக்கு ஆகுமானது என்னும் அல்மாயிதா அத்தியாயத்தின் 5ஆம் வசனத்தை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு ஓதிக் கொடுப்பவன் நான்! அறுத்த இறைச்சியைக் குறித்து அறிஞர்கள் விவாதிப்பது வேறு. இதுவோ மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட். ஆலை ரொட்டிகளில் மாவை இளக்கச் சேர்க்கும் இ920 என்ற பொருள் பறவை இறகிலிருந்தும் எடுக்கப்படுவதுண்டு. கேட்க வேண்டிய கேள்வி அதுவாக இருந்திருக்கும். நான் கேட்கவில்லை.

என் சொல்லைத் தட்டாத அந்தப் பெண், மகன் ஏங்கக் கூடாதென்று ஒரு பிரெட் மெஷின் வாங்கி வீட்டிலேயே செய்யத் தொடங்கிவிட்டாள். அன்று மாலை அவள் சமையற்கட்டில் நானும் நின்றேன். இயந்திரத்தின் பாத்திரத்தில் 280 மில்லி இளவெந்நீர், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி உப்பு, அதன்மேல் 500 கிராம் ரொட்டி மாவு. நமது மைதாவைவிடப் புரதம் மிகுந்த மாவு அது. உச்சியில் சிறு குழி பறித்து, நீரில் படாதவாறு ஒன்றரைத் தேக்கரண்டி உலர் ஈஸ்ட். பிசைந்து பொங்க வைக்கும் பகுதியை மட்டும் இயந்திரம் செய்கிறது. ஒன்றரை மணி நேரம். அதிலேயே சுட்டால் சாதாரண ரொட்டிதான் கிடைக்கும். பரோட்டா மாவைவிடக் கெட்டியான மாவாதலால் அது முனகுவது கூடம் வரை கேட்டது.

1987இல் ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் இவ்வியந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதல் மாதிரிகளில் ரொட்டி சரியாக வரவில்லை. இக்குகோ தனாக்கா என்ற பெண் பொறியாளர் ஒசாகாவின் பெயர்பெற்ற ரொட்டிக் கலைஞர் ஒருவரிடம் மாணவியாகச் சேர்ந்து, அவர் கை மாவை முறுக்கி இழுப்பதைக் கவனித்துக் கற்றார். அதன்பின்பே பாத்திரத்தின் உட்புறத்தில் வரம்புகள் வைத்து அதைச் சீராக்கினர். உஸ்தாதின் முன் மண்டியிடாமல் இயந்திரத்துக்கும் வித்தை வரவில்லை!

மாவை எட்டு உருண்டைகளாக்கி, நடுவே விரலால் துளையிட்டுச் சுழற்றி விரிக்க வேண்டும். கால் மணி நேரம் மூடி வைத்தபின், தேன் கலந்த கொதிநீரில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் போட்டெடுக்க வேண்டும். பேகலைப் பேகலாக்குவது இந்தக் குளியல்தான். மேல்மாவு வெந்து தோலாக இறுகிவிடுவதால் ரொட்டி அளவுக்கு மீறி உப்புவதில்லை. பளபளப்பும் மெல்லும் பதமும் அதனால் வருகின்றன. பின்னர் முட்டை தடவி, எள்ளோ கருஞ்சீரகமோ தூவி, 220 பாகை சூட்டில் இருபது நிமிடம் ஓவனில் சுட வேண்டும். கசகசாவும் தூவுவதுண்டு. ஆனால் வளைகுடாவில் இருக்கும் உறவினருக்கு அதைக் கொடுத்தனுப்பாதீர்கள்; அங்கே கசகசா தடை செய்யப்பட்ட பொருள். பைத்துல் முகத்தஸ் நகரத்து முஸ்லிம்களும் கஅக் என்ற எள் தூவிய நீள்வளைய ரொட்டியைச் சுடுகிறார்கள் என்று அவளிடம் சொன்னேன்.

உண்ண அமர்ந்தபோது, “அன்று நான் சொன்னது தவறு, அம்மா” என்றேன். அவள் தட்டைத் துடைத்தபடி, “இருக்கட்டும் மாமா” என்றாள். பன்னிரண்டு வயதாகிவிட்ட மகனிடம் அந்த நண்பனைப் பற்றிக் கேட்டேன். வேறு பள்ளிக்குப் போய்விட்டானாம். தட்டில் எட்டு வளையங்கள் இருந்தன. நான் துளையிட்டது மட்டும் சூட்டில் மூடிக்கொண்டு பன் போலக் கிடந்தது. பையன் அதையே எடுத்துக்கொண்டான்.