ராக்கெட்டுக்குப் பசிக்குது!

சாத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எல்லோரும் செய்கிற காரியத்தைத்தான் நானும் செய்தேன். கால் கிலோ காராச்சேவு வாங்கினேன். அது என் வாய்க்குள் போகவில்லை என்பதுதான் சோகம்!

மார்கழி மாதம், காலை ஏழரை மணி. வெம்பக்கோட்டை சாலையில் ஒரு சின்ன ஊர். பட்டாசு ஆலை வேன்கள் ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விட்டன. மிச்சமிருந்தது வயசானவர்கள், பொடிசுகள்... அப்புறம் நான் பார்க்கப் போன கன்னி ஆடுகள்.

விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசல் மண்ணுக்கே உரிய வெள்ளாட்டு இனம் இது. நெடுநெடு உயரம், கறுகறு உடம்பு, முகத்தின் இரண்டு பக்கமும் நாமம் மாதிரி கோடு. கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி. இரட்டைக் குட்டி போடுவது சகஜம். மழை பொய்த்தாலும் முள்ளுச் செடியைக் கடித்தே காலம் தள்ளிவிடும். இந்த ஊர் மனுஷங்க மாதிரியே!

"இப்ப அவுக்க மாட்டேன் தம்பி, பனி காயட்டும்" என்றார் ஆட்டுக்காரப் பெரியம்மா.

காரணம் இருக்கிறது. ஈரப் புல்லில் குடற்புழுக் குஞ்சுகள் நுனிவரை ஏறி நிற்கும். மேய்ந்தால் வயிற்றுக்குள் போய்விடும். கால்நடை டாக்டர்களும் இதையேதான் சொல்கிறார்கள். ஆகவே ஒன்பது மணிவரை பட்டிக்குள் வெயிட்டிங். அந்த நேரத்தில்தான் சர்க்கஸ்!

பெயர்களெல்லாம் பேரன் வைத்தது. உட்கார்ந்த இடத்தில் 'புஸ்ஸ்' என்று பெருமூச்சு விடும் சினையாடு, புஸ்வாணம். முளைக்குச்சியைச் சுற்றிச் சுற்றி வந்து தன் கயிற்றில் தானே மாட்டிக்கொள்வது, சங்குச்சக்கரம். நாலு மாசக் கிடாக்குட்டி, ராக்கெட். உரலுக்குத் தாவும், உரலிலிருந்து திண்ணைக்கு, திண்ணையிலிருந்து... என் தோளுக்கு!

பெரியம்மா ஒரு சாக்கை எடுத்து உலுக்கினார். கோடையில் பொறுக்கிக் காயவைத்த கருவேல நெத்து. 'சலசல' சத்தம் கேட்டதுதான் தாமதம், பட்டியே எழும்பிக் குதித்தது.

"தீவாளிக்கு ஊரே அதிரும், இதுக அசை போட்டுக்கிட்டுக் கெடக்கும். இந்தச் சத்தத்துக்குத்தான் பறக்கும்!"

ரசித்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது கை லேசானது. திரும்பினால், ராக்கெட் வாயில் என் சேவுப் பொட்டலம், பேப்பரோடு!

"விடுங்க தம்பி. வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டுன காலத்துல லேபிளையும் பசையையும் தின்னு வளர்ந்த பரம்பரை!"

"மொத்தம் எத்தனை உருப்படி பெரியம்மா?"

"வித்தது போக இப்பப் பதினொண்ணு. முன்ன ஆலையெல்லாம் மூடிக் கெடந்துச்சே, அப்ப ஒண்ணே ஒண்ணு."

2018 அக்டோபர் 23-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. பட்டாசில் பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது. அதன் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. மகன், மருமகள் இரண்டு பேர் கூலியும் நின்றது. எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்கு ஆடுகள் ஒவ்வொன்றாகப் போயின. அரிசிக்கு ஒன்று, வட்டிக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று.

"கடைசிச் சினையாட்டை மட்டும் விக்கல. கயித்தப் பிடிச்சுக்கிட்டு மருமக அழுதுட்டா." அதன் வம்சம்தான் இந்தப் பட்டி முழுக்க.

அப்போது தெற்கே 'டொம்' என்று ஒரு சத்தம்.

சாக்கைப் பிடித்த கை அப்படியே நின்றது. எதிர்வீட்டிலிருந்தும் ஒரு தலை எட்டிப் பார்த்தது. எல்லோர் கண்ணும் வானத்தில். புகை எழும்புகிறதா? 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி விபத்தைப் பார்த்த பூமி இது. மருமகளுக்குப் போன் போட்டுக் கேட்கவும் வழியில்லை. ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது.

ஒரு நிமிஷம்... ரெண்டு நிமிஷம்... புகை இல்லை.

"குவாரி வெடியாத்தான் இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆடுகள் மட்டும் தலையே தூக்கவில்லை. நெத்துதான் முக்கியம்!

பனி காய்ந்தது. படலைத் திறந்ததும் முதலில் பாய்ந்தது ராக்கெட்தான்.

"இதையும் வித்துடுவீங்களா பெரியம்மா?"

"வேற வழி? ஆனா ஆலை ஓடுற வரைக்கும் குதிச்சுக்கிட்டுத் திரியட்டும் தம்பி!"