மழையின் கணக்கும் மனத்தின் கணக்கும்

திருவள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்தை அடுத்து வான் சிறப்பைப் பாடினார். மழையின் அருமையை உணர்ந்த மண் நம்முடையது. ஆயினும், மழையின் அளவை நாம் அறிந்திருக்கிறோமா என்னும் வினா 2024ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களின் இறுதி இரவில் என் உள்ளத்தில் எழுந்தது.

புதுச்சேரி நகரின் தாழ்வான பகுதியொன்றில் எங்கள் இல்லம் உள்ளது. முன்னொரு பெருமழையில் வீட்டினுள் வெள்ளம் புகுந்தபோது, அது நின்ற உயரத்தைத் தந்தையார் கூடத்துச் சுவரில் கோடிட்டு வைத்தார். “இதற்கு மேல் தண்ணீர் வராது” என்பது அவர் வாக்கு. அவர் மறைந்த பின்னும், வெள்ளையடிக்கும் போதெல்லாம் அக்கோட்டை அழியாமல் காத்து வந்தோம். அவர் கைப்பட எழுதிய தமிழ்ப் பாடக் குறிப்பேடுகளை அக்கோட்டிற்கு ஒரு சாண் மேலிருந்த அலமாரித் தட்டில் அடுக்கியிருந்தேன்.

நவம்பர் 30ஆம் நாள் மாலை ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறத் தொடங்கியது. கரையேறிய பின்னும் அகலாமல், பல மணி நேரம் ஏறத்தாழ ஓரிடத்திலேயே நின்று பொழிந்தது. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நகரில் பதிவான மழை 46 செ.மீ.க்கும் மேல். ஆண்டு முழுவதும் புதுச்சேரி பெறும் சராசரி மழையே ஏறத்தாழ 130 செ.மீ.தான். அதில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில் கொட்டியது! ஒவ்வொரு சதுர மீட்டர் நிலத்திலும் 460 லிட்டர் தண்ணீர். கிருஷ்ணா நகரில் சிக்கிய மக்களை மீட்க இராணுவத்தினர் வந்தனர்.

விடிந்தபோது தந்தையாரின் கோடு நீருக்குள் இருந்தது, குறிப்பேடுகளும் நனைந்திருந்தன. தாள்களை ஒவ்வொன்றாக உலர்த்தினேன். தாள்கள் உலர்ந்தன, கரைந்த எழுத்துகள் மீளவில்லை.

அதன்பின் மழைக்கணக்கைத் தேடிப் படித்தேன். வானிலைத் துறையினர் காலை 8.30 மணிக்கு மழைமானியை நோக்கி, முந்தைய 24 மணி நேர மழையை அன்றைய தேதியில் எழுதுவர். ஆகவே, நவம்பர் 30 இரவில் எங்களை மூழ்கடித்த மழை ஏட்டில் டிசம்பர் 1ஆம் நாளுக்கு உரியதாயிற்று. நவம்பர் மாதக் கூட்டுத்தொகையை மட்டும் காண்பவர் அவ்விரவைக் காண மாட்டார். பல்லாண்டு மழையைக் கூட்டி வகுத்துப் பெறும் சராசரியும் அத்தகையதே. அது வழக்கத்தைக் கூறும், எல்லையைக் கூறாது.

இவ்வுண்மையைப் புதுச்சேரி முன்பே கண்டிருக்கிறது. பிரெஞ்சு வானியலறிஞர் லெ ழாந்தி, வெள்ளிக்கோள் சூரியனைக் கடக்கும் காட்சிக்காக இங்கு ஆய்வுக்கூடம் அமைத்துக் காத்திருந்தார். 1769 மே மாதக் காலைகள் தெளிவாகவே விடிந்தன. ஜூன் 4ஆம் நாள் காலையில், வேண்டிய நேரத்தில் மேகம் மூடியது. ஒரு மாத வானம் ஒரு நாளுக்குப் பிணை நிற்கவில்லை.

இன்றோ எல்லைகளே நகர்கின்றன. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பது அறிவியல். மேகம் கொட்டும் மழையும் அதற்கேற்பப் பெருகக் கூடும்.

தந்தையாரை நான் குறை கூறேன். தாம் கண்ட வெள்ளத்தை அவர் உண்மையாகவே குறித்தார். ஒரு வெள்ளத்தின் அடையாளத்தை எல்லா வெள்ளங்களுக்கும் எல்லையாகக் கொண்டது என் பிழை. அவர் ஆண்டைக் குறிக்கவில்லை. நானும் கேட்டு வைக்கவில்லை.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லத்துப் பெரியவர்கள் பழைய புயலையும் வெள்ளத்தையும் பற்றிக் கூறும்போது, ஆண்டையும் நீர் நின்ற இடத்தையும் கேட்டு எழுதி வையுங்கள். கல்லூரி வளாகத்தில் ஒரு மழைமானி வைத்து நாள்தோறும் அளந்து வாருங்கள். நினைவும் கணக்கும் ஒன்றையொன்று திருத்தட்டும்.

எங்கள் கூடத்துச் சுவரில் இப்போது இரண்டு கோடுகள் உள்ளன. மேற்கோட்டின் அருகே நாளையும் ஆண்டையும் எழுதியிருக்கிறேன். எஞ்சிய குறிப்பேடுகள் மாடிக்குச் சென்றுவிட்டன.